ஜமீன்தார், மிராசுதார், பண்ணையார், துரை: பெரிய இடத்துச் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர் வரலாறும் குடும்ப வரலாறும் எழுதுகிறவர்களின் பிரதிகளைப் பல வருடங்களாகத் திருத்திக் கொடுத்து வருகிறேன். எழுத்துப் பிழைகளைவிட அதிகமாக நான் பென்சிலால் வட்டம் போடுவது ‘பெரிய மனிதர்’களைக் குறிக்கும் சொற்களைத்தான். ஒரே ஆள் முதல் பக்கத்தில் ஜமீன்தாராக இருப்பார், மூன்றாம் பக்கத்தில் மிராசுதாராகி, பத்தாம் பக்கத்தில் ராஜாவாகிவிடுவார். யார் யாருக்குப் பணம் கட்டினார், யார் யார் முன்னால் கைகட்டி நின்றார் என்ற கணக்கு இந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் இருக்கிறது. சொல்லை மாற்றினால் கணக்கும் மாறிப்போகும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஜமீன்தார், மிராசுதார், பண்ணையார் மூணும் ஒண்ணுதானே? நிறைய நிலம் வச்சிருந்தவங்கதானே?

இல்லை. இந்த ஒரு கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஜமீன்தார் என்பது பாரசீகச் சொல். ஜமீன் என்றால் நிலம், தார் என்றால் வைத்திருப்பவர். ஆனால் சென்னை மாகாணத்தில் அது வெறும் நிலக்காரரைக் குறிக்கவில்லை. 1802-ஆம் ஆண்டின் 25-ஆம் ஒழுங்குவிதிப்படி கிழக்கிந்தியக் கம்பெனி அரசோடு நிரந்தர ஏற்பாடு செய்துகொண்டு, சனது என்ற உரிமைப் பத்திரம் வாங்கியவர் ஜமீன்தார். ஆண்டுக்கு இவ்வளவு என்று அரசுக்குப் பேஷ்குஷ் என்ற நிலையான தொகையைக் கட்டிவிட வேண்டும். பிறகு பல கிராமங்களின் குடிகளிடம் வரியை அவரே வசூலித்துக்கொள்வார். அதாவது, உழுகிறவருக்கும் அரசுக்கும் நடுவில் நின்றவர்.

மிராசுதாருக்கும் அரசுக்கும் நடுவில் யாரும் கிடையாது. ரயத்துவாரி முறையில் பட்டா அவர் பெயரில் இருக்கும், கிஸ்தியை, அதாவது நிலவரியை, அவரே நேராக அரசுக்குக் கட்டுவார். ‘மிராசு’ என்பது வாரிசுரிமையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு முன்பே நம்மிடம் இருந்த சொல் காணியாட்சி. தஞ்சாவூர்ப் பக்கம் ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருந்தவரும் மிராசுதார், ஐந்து ஏக்கர் வைத்திருந்தவரும் மிராசுதார்தான். நிலமே இல்லாமல் கிராம உத்தியோகத்தைப் பரம்பரையாக வைத்திருந்ததையும் ‘மிராசு’ என்றே சொன்னார்கள்.

பண்ணையார் என்பது ஊர் வைத்த பெயர். வருவாய்க் கணக்கில் அப்படி ஒரு வகை கிடையாது. இந்தச் சொல் காட்டுவது நிலத்துக்கும் அரசுக்கும் உள்ள உறவை அல்ல, நிலத்துக்கும் உழைப்பவருக்கும் உள்ள உறவை. பண்ணையாள் இருந்தால்தான் அவர் பண்ணையார். ஆகவே ஒருவர் அரசின் கணக்கில் மிராசுதாராகவும் சேரியின் பேச்சில் பண்ணையாராகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும், இருந்தார்கள்.

அப்போ பாளையக்காரர்ங்கறது ஜமீன்தாருக்குப் பழைய பேரா?

பழைய பேர் அல்ல, பழைய பதவி. மதுரை நாயக்கர் ஆட்சியில் எழுபத்திரண்டு பாளையங்களாகப் பிரித்ததாக மரபு சொல்கிறது. பாளையக்காரர் படை வைத்திருந்தார், காவல் வரி வாங்கினார், தன் எல்லைக்குள் வழக்கு விசாரித்தார். 1801-ல் பாளையக்காரர் போர்கள் முடிந்ததும் கம்பெனி அந்தப் படையையும் காவல் உரிமையையும் பறித்தது. வரி வசூலை மட்டும் விட்டு வைத்து, பணிந்தவர்களை ஜமீன்தார் ஆக்கியது.

எனவே ‘ஜமீன்தார் கட்டபொம்மன்’ என்று எழுதினால் தப்பு. அவரைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. தென் பாளையங்களில் ஜமீன் சனது வந்தது அதற்குப் பிறகுதான். அதேபோல், எட்டயபுரத்தின் தலைவராக இருந்தவரை 1790-களில் பாளையக்காரர் என்றும், பாரதி பிறந்த 1882-ல் ஜமீன்தார் என்றும் எழுத வேண்டும். ஊர்க்காரர்கள் ‘சமஸ்தானம்’ என்பார்கள். அது மரியாதைக்காகச் சொல்வது, மேற்கோள் குறிக்குள் வைத்துக்கொள்ளலாம்.

“பெரிய மிட்டா மிராசு பாரு”ன்னு எங்க பாட்டி திட்டுவாங்க. மிட்டான்னா என்ன?

பாட்டி சொன்னது சரியான வரலாற்றுச் சொல். பாளையமோ பழைய அரச குடும்பமோ இல்லாத இடங்களில், உதாரணமாகச் சேலம் பக்கம், கம்பெனி கிராமங்களைக் கட்டுக்கட்டாகப் பிரித்து ஏலம் விட்டது. அந்தக் கட்டுதான் மிட்டா. ஏலம் எடுத்தவர் மிட்டாதார். பரம்பரைப் பெருமை வேண்டியதில்லை, கையில் பணம் இருந்தால் போதும். பலர் பேஷ்குஷ் கட்ட முடியாமல் சில வருடங்களிலேயே மிட்டாவை இழந்தார்கள்.

எங்க கொள்ளுத் தாத்தாவை ஊரே ஜமீன்தார்னுதான் சொல்லும். பழைய பத்திரத்துல ‘மிராசுதார்’னு இருக்கு. நான் எதை எழுதறது?

பத்திரத்தில் உள்ளதை எழுதுங்கள். ஊர் அழைத்ததையும் கூடவே எழுதுங்கள்: ‘மிராசுதாரான இவரை ஊரார் ஜமீன்தார் என்றே அழைத்தார்கள்.’ ஒரு வரியில் இரண்டு உண்மையும் வந்துவிடும். ஊர் ஏன் அப்படி அழைத்தது என்று விசாரித்தால் பெரும்பாலும் நல்ல கதை கிடைக்கும். பக்கத்து ஜமீன் ஏலத்துக்கு வந்தபோது வீட்டை வாங்கியிருப்பார், அல்லது கோவிலில் முதல் மரியாதை அவருக்கு வந்திருக்கும்.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஜமீன் கிராமங்களை அரசு எடுத்துக்கொண்டது 1948-ஆம் ஆண்டின் 26-ஆம் சட்டத்தின் மூலம். உங்கள் கிராமம் அந்தச் சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று பழைய வருவாய்ப் பதிவில் பாருங்கள். இல்லையென்றால் அது இனாம் (மானியமாகக் கொடுக்கப்பட்ட) கிராமமாகவோ ரயத்துவாரி கிராமமாகவோ இருந்திருக்கும். இனாம்களுக்கு 1963-ல் தனிச் சட்டங்கள் வந்தன.

ராமநாதபுரம் சேதுபதி மன்னரா, ஜமீன்தாரா? புத்தகத்துக்குப் புத்தகம் மாறுது.

எந்தச் சேதுபதி, எந்த வருடம் என்று முதலில் கேட்க வேண்டும். 1795-ல் முத்துராமலிங்க சேதுபதியைக் கம்பெனி பதவியிலிருந்து இறக்கியது. அவர் வரை மன்னர். 1803-ல் அவருடைய சகோதரி மங்களேஸ்வரி நாச்சியாருக்கு ஜமீன் சனது கொடுத்தார்கள். அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் சட்டப்படி ஜமீன்தார்கள். விவேகானந்தர் 1893-ல் சிகாகோ போக ஊக்கம் கொடுத்த பாஸ்கர சேதுபதியும் அப்படித்தான். ‘ராஜா’ என்பது அவர்களுக்கு அரசு அங்கீகரித்த பட்டம், ஆட்சி அதிகாரம் அல்ல.

ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே புதுக்கோட்டை இருக்கிறது. தொண்டைமான்கள் ஜமீன்தார்கள் அல்ல. 1948 மார்ச்சில் இந்திய யூனியனோடு இணையும் வரை அது தனி சமஸ்தானம். அங்கே ‘மன்னர்’ என்று தயங்காமல் எழுதலாம்.

செட்டிநாட்டு ராஜான்னு சொல்றாங்களே, அவர் எந்த நாட்டை ஆண்டார்?

எந்த நாட்டையும் ஆளவில்லை. அண்ணாமலைச் செட்டியார் வங்கித் தொழிலில் வளர்ந்தவர். 1923-ல் ‘சர்’ பட்டமும் 1929-ல் பரம்பரையாகத் தொடரும் ‘ராஜா’ பட்டமும் பிரிட்டிஷ் அரசு அவருக்குக் கொடுத்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியதும் அதே 1929-ல்தான். ஆக, ‘ராஜா’ என்ற ஒரே சொல் புதுக்கோட்டையில் ஆட்சி, ராமநாதபுரத்தில் ஆட்சியின் நினைவு, செட்டிநாட்டில் அரசு தந்த கௌரவம். மூன்றையும் ‘மன்னர் பரம்பரை’ என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள்.

ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர்: இதெல்லாம் பேரா, பதவியா, சாதியா?

மூன்றும் இல்லை. அரசு கொடுத்த பட்டங்கள். அடியிலிருந்து மேலே ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று ஏறும். முஸ்லிம்களுக்குக் கான் சாகிப், கான் பகதூர். இவை பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைத்ததாக நினைக்க வேண்டாம். இரட்டைமலை சீனிவாசன் 1926-ல் ராவ் சாகிப், 1930-ல் ராவ் பகதூர், 1936-ல் திவான் பகதூர் என்று மூன்று படியும் ஏறினார். ஒடுக்கப்பட்டோருக்காகச் சட்டசபையிலும் வட்ட மேசை மாநாட்டிலும் பேசியவர் அவர். எனவே ‘ராவ் பகதூர்’ என்று பார்த்ததும் ‘நிலப்பிரபு’ என்று முடிவு கட்டக் கூடாது.

ஒரு சிறு கவனம்: பட்டம் கிடைத்த வருடத்துக்கு முந்தைய நிகழ்ச்சியில் அந்தப் பட்டத்தைப் போடாதீர்கள். திருப்பிக் கொடுத்திருந்தால் அதற்குப் பிறகும் போடாதீர்கள். தாகூர் 1915-ல் ‘சர்’ ஆனார், ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பின் 1919-ல் அதைத் துறந்தார். நடுவே உள்ள நாலு வருடம்தான் அவர் ‘சர்’.

வெள்ளைக்காரங்க பேருக்குப் பின்னாடி ‘பிரபு’, ‘துரை’ ரெண்டும் வருதே. எப்ப எது?

‘பிரபு’ என்பது லார்ட் பட்டத்துக்குத் தமிழர்கள் வைத்த பெயர். ரிப்பன் பிரபு, கர்சன் பிரபு, லண்டனில் பிரபுக்கள் சபை. பெண்ணானால் சீமாட்டி. பட்டம் உள்ளவருக்கு மட்டும்தான் அது பொருந்தும். ‘மன்றோ பிரபு’ என்று ஏராளமான பிரதிகளில் பார்த்திருக்கிறேன். தாமஸ் மன்றோ லார்ட் ஆனதே இல்லை, ‘சர்’தான். ‘1751-ல் கிளைவ் பிரபு ஆற்காட்டைப் பிடித்தார்’ என்பதும் இதே தவறு. கிளைவுக்கு அந்தப் பட்டம் வந்தது 1762-ல்.

‘துரை’ அப்படியில்லை. அது ஜனங்கள் வாயில் இருந்த சொல், பட்டயம் வேண்டியதில்லை. கலெக்டர் துரை, மன்றோ துரை, அவர் மனைவி துரைசானி. தெலுங்கில் இதுவே ‘தொர’. தெலங்கானாவில் ‘தொர’ என்றால் வெள்ளைக்காரர் அல்ல, ஊரையே கையில் வைத்திருந்த நிலப்பிரபு. அவர் முன்னால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போன தலைமுறையின் நினைவு அந்தச் சொல்லில் இன்னும் காயவில்லை.

எஸ்டேட்ல இன்னும் ‘துரை’ன்னு சொல்றாங்களே? வெள்ளைக்காரன் போய் எவ்வளவு நாளாச்சு!

ஆமாம். இலங்கை மலையகத்திலும் நம் மலைத் தோட்டங்களிலும் மேனேஜர் பெரிய துரை, உதவி மேனேஜர் சின்ன துரை. ஆள் தமிழராக இருந்தாலும் சிங்களராக இருந்தாலும் துரைதான். அங்கே அது இனப்பெயராக இருந்து பதவிப்பெயராக மாறிவிட்டது. ஆகவே தோட்டக் கதையில் ‘துரை வந்தார்’ என்று படித்தவுடன் வெள்ளைத் தோலைக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது, வருடத்தைப் பாருங்கள்.

திருநெல்வேலிப் பக்கத்து மலைத் தேயிலைத் தோட்டமான மாஞ்சோலை இதற்கு நல்ல உதாரணம். சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் காட்டை 99 வருடக் குத்தகைக்கு ஒரு கம்பெனிக்குக் கொடுத்தது. ஜமீன் ஒழிப்புக்குப் பிறகு நிலம் அரசுடையது ஆனது, குத்தகை தொடர்ந்தது. மலையடிவாரத்தில் ‘ராஜா’ என்று கும்பிட்டவர்களின் பிள்ளைகளோ பக்கத்து ஊர்க்காரர்களோ மலைமேல் போய் ‘துரை’ என்று கும்பிட்டார்கள். ஒரே மலைக்கு ஒரு நூற்றாண்டுக்குள் இரண்டு எசமான் சொற்கள்.

கதையில ‘ஆண்டை’, ‘எசமான்’, ‘முதலாளி’ன்னு எல்லாம் எழுதறேன். எதுவும் தப்பா ஆகிடுமோன்னு பயமா இருக்கு.

பயப்பட வேண்டாம், ஆனால் யார் வாயில் வைக்கிறீர்கள் என்று பாருங்கள். முன்பு சொன்ன ஜமீன்தார், மிராசுதார் எல்லாம் அடுத்தவரிடம் ஒருவரைப் பற்றிச் சொல்லும் சொற்கள். ‘ஆண்டை’யோ நேருக்கு நேர் அழைக்கும் சொல். ‘ஆள்’ என்ற வினையிலிருந்து வந்தது. கூலி ஆள், அதுவும் தாழ்த்தப்பட்ட ஆள், நிலக்காரரைப் பார்த்துச் சொன்னது. நிலக்காரர்கள் ஒருவரையொருவர் ஆண்டை என்று அழைத்துக்கொள்ளவில்லை. கதை சொல்பவரே ‘ஆண்டை காப்பி குடித்தார்’ என்று எழுதினால், அவர் குனிந்து நின்று பேசுகிறார் என்று ஆகிவிடும். உரையாடலில் மட்டும் வையுங்கள், கதை சொல்லும் இடத்தில் அவருடைய பெயரை எழுதுங்கள்.

‘எசமான்’ வடமொழி யஜமானனிலிருந்து வந்தது. வேள்வி செய்விப்பவர் என்பது பழைய பொருள். வீட்டு வேலைக்காரர், வண்டிக்காரர் வாயில் பொருந்தும். ‘முதலாளி’ முதல் போட்டவர். கடையிலும் ஆலையிலும் புழங்கும் சொல், வயலில் பொருந்தாது. தெற்கே மளிகைக் கடைகளில் இப்போதும் மரியாதையாக ‘முதலாளி’ என்று கூப்பிடுகிறார்கள். அதில் ஆண்டையின் பாரம் கிடையாது.

ஒரு முதியவரிடம் ஊர்க் கதை கேட்டுக்கொண்டிருந்தபோது, முப்பது வருடம் முன்பு இறந்துபோன நிலக்காரரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ‘ஆண்டை’ என்று தொடங்கி நிறுத்தினார். அப்புறம் அவருடைய பெயரையே, மரியாதை விகுதி இல்லாமல், சத்தமாகச் சொன்னார். அந்த இடைவெளியைப் பிரதியில் எப்படிக் கொண்டுவருவது என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் நடந்ததை நடந்தபடியே எழுதச் சொன்னேன்.

மேட்டுக்குடி, மேல்தட்டு, உயர்குடி: மூணுல எது நல்ல சொல்?

மூன்றும் நல்ல சொற்கள், வேலை வேறு. ‘உயர்குடி’ பிறப்பைச் சொல்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தைய பிரபுக்களைப் பற்றி எழுதும்போது அது பொருந்தும். ‘மேல்தட்டு’ அடுக்கைச் சொல்கிறது, பெரிதாகச் சார்பு கிடையாது. ‘மேல்தட்டு நடுத்தர வர்க்கம்’ என்று நுணுக்கிச் சொல்லவும் உதவும். ‘மேட்டுக்குடி’யில் விமர்சனம் கலந்திருக்கிறது. ரசனை, மொழி, பழக்கம் ஆகியவற்றில் தன்னை ஒதுக்கி வைத்துக்கொள்ளும் கூட்டம் என்ற பொருள் அதில் உண்டு. ‘நாங்கள் மேட்டுக்குடி’ என்று யாரும் பெருமையாக அறிமுகப்படுத்திக்கொள்வதில்லை.

பேச்சில் இவை எதுவும் வராது. ‘பெரிய இடம்’, ‘வசதியானவங்க’ என்பார்கள். கல்யாணப் பேச்சில் ‘பெரிய இடத்துச் சம்பந்தம்’ என்றால் பணமும் சாதியும் செல்வாக்கும் சேர்ந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல விருப்பமில்லாத இடத்தில்தான் அந்தச் சொல் வருகிறது.

‘உயர் வர்க்கம்’னு எழுதணுமா, ‘உயர் வகுப்பு’ன்னு எழுதணுமா?

பொருளாதார நிலையைச் சொல்ல ‘வர்க்கம்’. பாட்டாளி வர்க்கம், முதலாளி வர்க்கம் என்று இடதுசாரி எழுத்து நிலைநிறுத்திய சொல். ‘வகுப்பு’ தமிழ்நாட்டில் சாதிக் கணக்கோடு கட்டப்பட்டுவிட்டது. 1921-ல் நீதிக்கட்சி அரசு, அரசு வேலைகளைச் சாதி, மத வாரியாகப் பங்கிடும் முதல் வகுப்புவாரி ஆணையைப் பிறப்பித்த காலத்திலிருந்தே அப்படித்தான். பிற்படுத்தப்பட்ட வகுப்பு, முற்பட்ட வகுப்பு என்பதெல்லாம் சாதிப் பட்டியல். ‘உயர் வகுப்பு’ என்று எழுதினால் பணக்காரரா, சாதியில் மேலே வைக்கப்பட்டவரா என்று வாசகர் தடுமாறுவார்.

‘மேல்சாதி’, ‘உயர்சாதி’ன்னு எழுதினா நாமளே அதை ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா?

ஆகும். அதனால்தான் பலர் ‘ஆதிக்க சாதி’ என்கிறார்கள், அல்லது ‘உயர்சாதி எனப்படுவோர்’ என்கிறார்கள். ஆனால் இரண்டும் ஒரே ஆட்களைக் குறிப்பதில்லை. சடங்கு வரிசையில் மேலே வைக்கப்பட்ட சாதிக்கு ஊரில் ஒரு குழி நிலம்கூட இல்லாமல் இருக்கலாம். நிலமும் ஆள் பலமும் உள்ள இன்னொரு சாதிதான் ஊரை நடத்தும். அந்த ஊரில் ஆதிக்க சாதி என்பது இந்த இன்னொரு சாதிதான். எனக்குப் பிடித்த வழி, சாதியின் பெயரையும் அவர்கள் கையில் இருந்ததையும் நேராக எழுதிவிடுவது. நிலம், கோவில், தண்ணீர், எது என்று.

பழைய இலக்கியத்திலும் இந்தச் சிக்கல் இருந்தது. தொல்காப்பியம் ‘உயர்ந்தோர்’ என்கிறது. அது அறிவால் உயர்ந்தவரா, பிறப்பால் உயர்ந்தவரா என்பதில் உரைகாரர்களிலிருந்து இன்றுவரை பேச்சு ஓயவில்லை. குறள் ‘மேலிருந்தும் மேலல்லார் மேலல்லர்’ என்று நேராகவே சொல்லிவிடுகிறது.

இலங்கையில ‘முதலியார்’னா சாதி இல்லைங்கறாங்களே?

பிரிட்டிஷ் காலத்து இலங்கை ஆவணத்தில் முதலியார் என்றால் உத்தியோகம், அல்லது கௌரவப் பட்டம். சிங்களவரும் முதலியார்களாக இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் மணியகாரர், உடையார், விதானையார் என்று ஒரு வரிசையே உண்டு. தமிழ்நாட்டில் முதலியார் பல சாதிகளின் பட்டப்பெயர். கடல் தாண்டிய குடும்ப வரலாற்றில் இதைக் குழப்பிக்கொண்டால் கொள்ளுத் தாத்தாவின் சாதியே மாறிவிடும்.

இப்பவும் பத்திரிகையில ‘ராஜா’, ‘ஜமீன்தார்’னு போடறாங்களே, சட்டம் அனுமதிக்குதா?

அரசியல் சட்டத்தின் 18-ஆம் உறுப்பு, படைத்துறை, கல்வித் தகுதிகள் தவிர வேறு பட்டம் எதையும் அரசு வழங்கக் கூடாது என்கிறது. பத்ம விருதுகளைக்கூடப் பெயருக்கு முன்போ பின்போ ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொன்னது. சமஸ்தான மன்னர்களின் அங்கீகாரமும் மானியமும் 1971-ல் 26-ஆவது திருத்தத்தோடு முடிந்தன. ஊரார் பழக்கத்தால் அழைப்பதை இவை தடுப்பதில்லை. எழுதும்போது ‘முன்னாள் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்த’ என்று போட்டால் சரியாக இருக்கும்.

‘பண்ணையார்’னு எழுதினா அந்தக் குடும்பத்துக்கு வருத்தமா இருக்குமே? ‘நிலக்கிழார்’னு மாத்திடட்டுமா?

‘நிலக்கிழார்’ அழகான சொல். கோவூர் கிழார், அரிசில் கிழார் என்ற சங்கப் புலவர் பெயர்களில் இருக்கும் அதே ‘கிழார்’தான், உரிமையுடையவர் என்று பொருள். நிலம் வைத்திருந்தார், விவசாயம் செய்தார் என்ற அளவில் பேசுகிற பக்கத்தில் தாராளமாகப் போடுங்கள்.

ஆனால் பண்ணையாள்கள் வரும் பக்கத்தில் அதைப் போட்டால், முதல் பதிலிலேயே சொன்ன, நிலத்துக்கும் உழைப்பவருக்கும் உள்ள அந்த உறவு மறைந்துபோகும். அரசே அந்தச் சொல்லை ஒளிக்கவில்லை. தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்றே 1952-ல் பெயர் வைத்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள், பெண்களும் குழந்தைகளுமே அதிகம். வழக்கு உயர் நீதிமன்றம் போனபோது, குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்கள் பெரும்பாலோர் நிலபுலன் உள்ள பணக்காரர்கள், அவர்களே நேரில் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் தீர்ப்பு எழுதப்பட்டது, விடுதலையானார்கள். ‘மிராசுதார்’ என்ற சொல் அங்கே ஒரு சாட்சியைப் போல நின்று அவர்களைக் காப்பாற்றியது. உங்கள் புத்தகத்தில் வரும் பண்ணையார் குடும்பத்தாரிடம் பிரதியைக் கொடுங்கள், அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுங்கள். பண்ணையாள் வீட்டுப் பேரப்பிள்ளைகளிடமும் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு அச்சுக்கு அனுப்புங்கள்.